காரணம் எழுதாத சிவப்புச் சீட்டு

அன்று காலை டெஸ்டிங் பெஞ்சுக்கு நான் வந்தபோது என் நாவலின் இருபதாம் அத்தியாயம் அதன் மேல் கிடந்தது. மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கோத்து ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டியிருந்தார்கள்.

எங்கள் கம்பெனியில் சிவப்புச் சீட்டுக்கு ஒரே அர்த்தம்தான். இது தேறாது, வெளியே அனுப்பாதே.

சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'காரணம்' என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே நாலு கோடுகள் உண்டு. நாலும் காலி. ஒரு எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அஞ்சு எச்.பி. மோட்டாரை விட நான்தான் அதிகம் சூடாகியிருப்பேன். தேறாது என்று சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறேன். ஏன் தேறாது என்று சொல்லாமல் போவது என்ன நியாயம்?

அப்போது நான் கோயமுத்தூருக்கு இந்தப் பக்கம், அவிநாசி ரோட்டில், பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு சோமனூரில். சுற்றிலும் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து இரண்டு வருடம் எழுதிய நாவல் அது. கடைசி அத்தியாயம்தான் அந்த இருபது. எழுதும்போது நானே அழுத அத்தியாயம். திங்கட்கிழமை கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுப்பதாக அச்சகத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தேன், என் மனைவி கமலத்திடம். இந்தப் புத்தகமும் முதல் புத்தகம் மாதிரி ஆகிவிட்டால் இனிமேல் பேனாவையே தொடமாட்டேன் என்று. வாய் சும்மா இருந்தால்தானே.

பதினாறு பக்கம்

முதல் புத்தகம் எப்படி ஆனது என்று சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

அது சிறுகதைத் தொகுப்பு. என் கைக்காசில் நானே போட்டது. பதிப்பகத்துக்காரர்கள் யாரையும் எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. கட்டுக் கட்டாக வீட்டில் வந்து இறங்கிய அன்று புது மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றேன். சொந்தக்காரர்கள், பழகியவர்கள், கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "நல்லா இருந்துச்சுங்க."

சிலர் கூடுதலாக, "அருமைங்க" என்றார்கள். கோயமுத்தூரில் ஒரு கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் நாலு மாதம் வைத்திருந்து, வாழ்த்துகள் என்று ஒரு கார்டு போட்டார். நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு வருடம் போயிருக்கும். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மதியம், வேறு வேலை இல்லாமல், என் புத்தகத்தை நானே எடுத்துப் படித்தேன். முப்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டு வரை படித்தேன். அடுத்த தாளைத் திருப்பினால் மறுபடியும் முப்பத்து மூன்று. பைண்டிங்கில் பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரத்தை இரண்டு முறை வைத்து, அடுத்த பாரத்தை விட்டுவிட்டார்கள். நாற்பத்தொன்பது முதல் அறுபத்து நான்கு வரை புத்தகத்திலேயே இல்லை. கட்டிலிலிருந்து இறங்கி மிச்சமிருந்த கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான்.

ஒரு கதையில் கல்யாணப் பெண் மேடையேறுகிறாள். அவளுக்குத் தாலி ஏறவே இல்லை. அடுத்து வருவது வேறொரு கதையில் ஒருவர் லாரி ஓட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் போவது. இதைத்தான் ஊரே நல்லா இருந்துச்சு என்றது.

சரி, ஒருத்தர்கூடப் படிக்கவில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதிலும் மண் விழுந்தது. கமலத்தின் அப்பா, என் மாமனார், அந்த வாரம் பார்க்க வந்தார். பேச்சு வாக்கில் இதைச் சொன்னேன்.

"பாத்தனுங்க மாப்பிள்ளை," என்றார் அவர் சாவகாசமாக. "படிச்சதையே மறுக்காப் படிக்கிற மாதிரி இருந்துச்சு. ஏதோ காரணமாத்தான் வெச்சிருப்பீங்கன்னு உட்டுட்டனுங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க, மாமா?"

"அதெப்படிங்க சொல்றது? எழுதுனவங்க நீங்க."

அன்றைக்கு அந்தக் கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். உள்ளே கிடக்கட்டும் என்று கமலம் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிட்டாள்.

மரியாதை கெட்ட ஆள் வேண்டும்

எங்கள் பக்கத்து மரியாதையை எல்லோரும் மெச்சுவார்கள். நானும் அதில் வளர்ந்தவன்தான், குறை சொல்லவில்லை. நாய் குறுக்கே வந்தாலும் "போங்க சாமி" என்று சொல்கிற ஊர். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால், "கொஞ்சம் ஊறுகா வெய்யுங்க" என்பார்களே தவிர உப்பு இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். மனுசனாக வாழ்வதற்கு இது நல்ல ஊர். எழுத்தாளனாக இருப்பதற்கு இதைப்போல ஆபத்தான ஊர் வேறு கிடையாது.

இந்த லட்சணத்தில் நாவல் எழுதி முடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அச்சுக்குப் போகும் முன்னால் நாலு பேர் படித்துக் குறை சொல்ல வேண்டும். யாரிடம் போவது? சொந்தக்காரர்கள் ஆகாது. நண்பர்கள் ஆகாது. முகத்தைப் பார்த்து இது சரியில்லை என்று சொல்லும் மரியாதை கெட்ட ஆளை இந்த ஜில்லாவில் எங்கே தேடுவது?

பதில் என் பெஞ்சிலேயே இருந்தது. ஒரு நாள் ஒரு மோட்டாருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். 'சத்தம் அதிகம். சூடு அதிகம். திருப்பி அனுப்பவும்.' எழுதி, கட்டி, தள்ளிவிட்டேன். அதற்குக் கம்பி சுற்றிய பெண்ணும் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்கும் சங்கடம் இல்லை. இதே ஆட்கள்தான், நேரில் பார்த்தால், "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டு, குறையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்பவர்கள். சீட்டு என்று வந்தால் மட்டும் ஒருவருக்கொருவர் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. சீட்டில் எழுதுவது மனிதர்களைப் பற்றி இல்லையே, மோட்டாரைப் பற்றித்தானே.

ஒரு மோட்டாரைக்கூட ஓட்டிப் பார்க்காமல் நாங்கள் வெளியே அனுப்பியதில்லை. புத்தகத்தை மட்டும் ஏன் அனுப்ப வேண்டும்?

ஸ்டோரில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கட்டுச் சீட்டு வாங்கினேன், பச்சையும் சிவப்பும். கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதினேன். பால்பாயின்ட் பேனாவை அழுத்தி அழுத்தி நடுவிரலில் காய்ப்புக் காய்த்துவிட்டது. முதல் பிரதி, திருத்தி அச்சகத்துக்குக் கொடுக்க. இரண்டாவது, என்னோடு டெஸ்டிங்கில் இருந்த நாச்சிமுத்துவுக்கு. அன்னூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர், பேச்சு குறைவு. மூன்றாவது பிரதி வைண்டிங் செக்‌ஷனுக்கு. கடைசிக் கார்பன் என்பதால் எழுத்து மங்கல், வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

வைண்டிங் செக்‌ஷன் என்றால், மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றும் இடம். இருபத்திரண்டு பேர், எல்லாம் பெண்கள். கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பாதிக்கு மேல் படிக்கத் தெரியாதவர்கள். ஸ்டெல்லா என்று ஒரு பெண், பிளஸ் டூ முடித்துவிட்டு வந்திருந்தாள். அவள் அம்மா அப்பா இன்னும் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குரல் கணீரென்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேதம் வாசிக்கிறவள். மத்தியானம் சோற்று நேரத்தில் அவள் உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள் என்று ஏற்பாடு.

கையில் சீட்டுக் கட்டைக் கொடுத்துச் சொன்னேன். "இது கதைன்னு நினைக்காதீங்க. மோட்டாருன்னு நினைச்சுக்குங்க. எங்க நிக்குது, எங்க சூடாகுது, எங்க கரகரன்னு சத்தம் வருதுன்னு எழுதிக் கட்டுங்க. பேரு போட வேண்டாம். சிவப்புக் கட்டுனா மட்டும் காரணம் எழுதணும். அது கம்பெனி ரூல்."

"கோவிச்சுக்க மாட்டீங்களாண்ணா?" என்றாள் ஸ்டெல்லா.

"நானா? எனக்கா கோவம்?" என்றேன் நான்.

ஓடாத மோட்டார்

சீட்டுகள் வந்தன பாருங்கள். இத்தனை வருடத்தில் எந்தப் பத்திரிகை விமர்சனமும் என்னை அப்படிப் புரட்டிப் போட்டதில்லை.

நாவல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மழை இல்லாத வருடத்தில் சண்டை முற்றுகிறது. தம்பி மனைவி செல்லாத்தாள் முறை தவறித் தண்ணீர் திருடினாள் என்று ஊர் நடுவே பழி போடுகிறார்கள்.

முதல் சீட்டு நாச்சிமுத்துவிடமிருந்து. சிவப்பு. 'அத்தியாயம் 4. மோனோபிளாக் மோட்டாரைக் கிணற்று மேட்டில் வைத்து அறுபதடி கீழே இருக்கும் தண்ணீரை இழுக்க வைத்திருக்கிறீர்கள். இழுக்காது.'

தலையில் அடித்துக்கொண்டேன். எந்த மோட்டார் எத்தனை அடி இழுக்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பன்னிரண்டு வருட சர்வீஸ். அவரிடம் ஓடிப்போய், "அச்சாகியிருந்தா மானம் போயிருக்குமுங்க," என்றேன். "அதுனாலதானுங்க எழுதுனேன்," என்று சொல்லிவிட்டு அவர் பிரஷர் கேஜைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வைண்டிங் செக்‌ஷன் சீட்டுகள் வேறு மாதிரி. எல்லாம் ஸ்டெல்லாவின் குண்டு குண்டான எழுத்தில், யார் யாரோ சொல்லச் சொல்ல எழுதியவை.

'அத்தியாயம் 7. செல்லாத்தா மூணு அத்தியாயமா ஒரு வாய் சோறு திங்கலை. கோவமா இருந்தாலும் பசிக்கும்.'

'அத்தியாயம் 9. கைக்குழந்தையைக் காணோம். யாரு பாத்துக்கறாங்க?'

'அத்தியாயம் 11. மாமியாருக்குக் கண் தெரியாதுன்னு முன்னாடி சொன்னீங்க. இப்ப ஊசியில நூல் கோக்கறாங்க.'

'அத்தியாயம் 13. பொம்பளைங்க இப்படிப் பேச மாட்டாங்க. ஆம்பளைங்க எழுதுன மாதிரி இருக்கு.'

இந்தக் கடைசிச் சீட்டை மட்டும் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்து, யாரும் பார்க்காதபோது எடுத்து எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொன்னதுதான் சரி என்று பட்டது. உட்கார்ந்து திருத்தினேன். குழந்தையைத் தேடிப் பிடித்துக்கொண்டுவந்து தொட்டிலில் போட்டேன். செல்லாத்தாளுக்குச் சோறு போட்டேன்.

இப்போது சொந்தமாகப் புத்தகம் போடப்போகிறேன் என்று என்னிடம் வருகிற இளைஞர்கள் அணிந்துரை யாரிடம் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அணிந்துரை கிடக்கட்டும் தம்பி, உன் குழந்தை எங்கே காணாமல் போனது என்று கேட்க இருபது பேர் இருக்கிறார்களா, அதைச் சொல் முதலில் என்பேன். உன் மேல் பிரியம் இருக்க வேண்டியதில்லை. கதையின் மேல் அக்கறை இருந்தால் போதும்.

பத்தொன்பது அத்தியாயம் இப்படிப் போனது. பதினான்குக்கு மேல் பச்சைச் சீட்டாக வர ஆரம்பித்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இருபதாம் அத்தியாயத்தைக் கொடுத்தபோது, "நாளைக்குக் கைக்குட்டை எடுத்துட்டு வாங்க எல்லாரும்," என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இருபதில்தான் செல்லாத்தாள் கிணற்றில் விழுந்து உயிரை விடுகிறாள். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வாய்க்கால் நடுவே போட்ட வரப்பை இரண்டு பேருமாக வெட்டி எறிகிறார்கள். ஊரே திரண்டு அழுகிறது. அத்தோடு முற்றும்.

அதற்குத்தான் சிவப்புச் சீட்டு. மங்கலான மூன்றாம் பிரதியில் கட்டியிருந்தது, ஆகவே வைண்டிங் செக்‌ஷன் வேலை என்பதில் சந்தேகமே இல்லை.

சண்டைக்குப் போனேன்

மத்தியானச் சங்கு ஊதியதும் நேராக அங்கே போனேன். டிபன் பாக்ஸ்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். வார்னிஷ் வாசனையும் ரசம் வாசனையும் கலந்து அடித்தது.

"யாரு கட்டுனது இது?" என்றேன் சீட்டைத் தூக்கிக் காட்டி.

இருபத்திரண்டு தலையும் குனிந்துகொண்டது.

"நான் எழுதலீங்கண்ணா," என்றாள் ஸ்டெல்லா. "எங்கிட்ட யாரும் எழுதச் சொல்லவும் இல்லீங்க."

"காரணம் எழுதாத சீட்டு செல்லாதுன்னு சொன்னேனா இல்லையா? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு எழுதறதுக்கென்ன? ரெண்டு வருசம் உசுரைக் குடுத்து எழுதியிருக்கேன். வெளையாட்டா இது?"

எனக்கே கேட்டது என் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று. நிறுத்த முடியவில்லை. "போதுமுங்க, நீங்க படிச்சதெல்லாம் போதும்," என்று மூன்றாம் பிரதி முழுவதையும் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் ஒரு டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் வீட்டில் கமலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், கொஞ்சம் என் பக்கத்துக்கு வளைத்துத்தான்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "பதனாறு பக்கத்தைக் காணோம், ஒருத்தரும் வாயைத் தொறக்கலைன்னு வருசம் பூராவும் ஒப்பாரி வெச்சீங்க. இன்னைக்கு ஒருத்தி தொறந்திருக்கறா. அவகிட்டயும் சண்டைக்குப் போயிட்டு வந்துட்டீங்களாக்கும்?"

"காரணம் சொல்லலையே, கமலம்."

"சொல்ல முடியாத காரணமா இருக்கும். அவ்வளவுதானுங்க. தோசை ஆறுது, தின்னுங்க."

நாலு தோசை தின்றேன். ஒன்றும் இறங்கவில்லை. மறுநாள் பஸ் இறங்கியதும் முதல் வேலையாக வைண்டிங் செக்‌ஷனுக்குப் போய், பிரதிக் கட்டை ஸ்டெல்லாவின் மேஜையில் திருப்பி வைத்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நேத்து நான் பேசுனது தப்புங்க. யாரு கட்டியிருந்தாலும் சரி, நான் கேக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

மோட்டார் ஓடட்டும்

பத்து மணி டீக்குப் பிறகு ஒருவர் என் பெஞ்சுக்கு வந்தார். பழனியம்மாள்.

வைண்டிங்கில் மூத்தவர் அவர்தான். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோருக்கும் பழனியக்கா. அவர் சுற்றிய மோட்டாருக்கு நான் சிவப்புச் சீட்டுக் கட்டியதே இல்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர், சம்பளத்துக்குக் கைநாட்டு. (பெயரைப் போடலாமா என்று போன வாரம் ஃபோன் செய்து கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க தம்பி, அதுக்கென்ன," என்றார்.)

"ஏனுங்க தம்பி, அந்த மோட்டாரைப் போடுங்க," என்றார்.

"எந்த மோட்டாருங்கக்கா?"

"எதையாச்சும் போடுங்க. சத்தமா ஓடறதாப் பாத்து."

பத்து எச்.பி. ஒன்றைப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் சேர்ந்து, அடுத்த பெஞ்சில் இருந்த நாச்சிமுத்துவுக்குக்கூட எதுவும் கேட்காது. பழனியக்கா என் பக்கத்தில் வந்து, கேஜைப் பார்ப்பது போல நின்றுகொண்டார்.

"சீட்டு நான் கட்டுனதுங்க. எனக்கு எழுதத் தெரியாது. ஸ்டெல்லாகிட்ட எழுதச் சொன்னா, ஏனுங்கக்கான்னு கேப்பா. சொல்லோணுமல்லங்க. அதான் வெறுஞ்சீட்டாக் கட்டிப்போட்டேன்."

நான் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கூட்டினேன்.

"எனக்கு இருவத்திமூணு வயசுல நான் போனனுங்க. கெணத்துமேட்டுக்கு. ஏனுன்னு கேக்காதீங்க, அது முடிஞ்சு போச்சு. அங்க நின்னுட்டு என்ன நெனச்சேன் தெரியுமுங்களா? நான் போயிட்டா எல்லாரும் ஒண்ணு சேந்துக்குவாங்க. என்ற ஊட்டுக்காரரு அழுவாரு. என்ற மாமியா நெஞ்சுல அடிச்சுக்கும். அப்பத்தான் நான் யாருன்னு தெரியும் இவங்களுக்குன்னு நெனச்சேன். நீங்க எழுதியிருக்கறது அச்சு அசலா அதேதானுங்க."

"அக்கா..."

"அது நெசமில்லீங்க தம்பி. எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தி நெசமாவே போயிட்டா. யாரும் ஒண்ணு சேரலை. வருசம் திரும்பறதுக்குள்ள அவ புருசனுக்கு வேற கண்ணாலம். அவ புள்ளை பத்து வயசு வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போயி ஒட்டிக்கும். அதை நான் பாத்தனுங்க."

அப்போதும் எழுத்தாளன் புத்தி போகுமா? "கதைன்னா ஒரு முடிவு வேணுமல்லங்கக்கா," என்றேன்.

"முடிவு வேணும்னா அவளைக் கொல்லோணுமாங்க?"

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

"இருவது பொம்பளைங்க சோறு தின்னுக்கிட்டுக் கேக்கறாங்க," என்றார். "எவ மனசுல என்ன கெடக்குதோ யாரு கண்டா? முந்தாநாளு ஸ்டெல்லா படிச்சு முடிச்சதும் எல்லாரும் அழுதாங்க. ஒருத்தி மட்டும் அழுகலை. அவ மூஞ்சியைப் பாத்தேன். எனக்குப் பகீர்னுச்சு. அதான் கட்டுனேன்."

நாவலைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அந்தத் தொட்டித் தண்ணீரோடு போய்விட்டது. இரண்டு வருடமாக நான் செல்லாத்தாளுக்காக அழுததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைக் கொன்றுவிட்டு, அழகாக எழுதிவிட்டோமே என்று எனக்காகத்தான் அழுதிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பிறகு கேட்டேன். "அப்பறம் என்ன பண்ணுனீங்கக்கா? திரும்பி வந்து?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை போலிருந்தது.

"திரும்பி வந்து கைகால் கழுவுனேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். அப்பறந்தானுங்க கோவம் வந்துச்சு. அதுவரைக்கும் வெறும் அழுகைதான். கோவம் வந்ததும் பசிச்சுது. பழைய சோத்தைக் கரைச்சு ரெண்டு வட்டல் குடிச்சேன். குடிச்சுப்போட்டு மாமியாகிட்டப் போயி, இனிமே எங்கிட்ட இப்படிப் பேசாதீங்கன்னேன். பயமாத்தான் இருந்துச்சு. ஆனாச் சொல்லிப்போட்டேன்."

"இதை நான் எழுதலாமுங்களா?"

யோசித்தார். "என்னைப் பத்தின்னு யாருக்கும் சொல்லாதீங்க. மத்தபடி எழுதுங்க."

மறுபடியும் இருபது

அச்சகத்துக்குப் போய், திங்கட்கிழமை முடியாது என்றேன். எப்போது என்றார்கள். தெரியாது என்றேன்.

அந்த ஒரு அத்தியாயத்தை ஐந்து முறை எழுதினேன். செல்லாத்தாள் கிணற்று மேட்டிலிருந்து திரும்பி வருகிறாள் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் திரும்பி நடக்கிற அந்த நூறு அடி எனக்கு வரவே இல்லை. என்னிடம் இருந்த வர்ணனை எல்லாம் செத்தவளுக்காகச் சேர்த்து வைத்தது. உயிரோடு வருகிறவளுக்கு என்ன எழுதுவது என்று ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. கடைசியில் வர்ணனையே இல்லாமல், கைகால் கழுவுவதையும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதையும், பழைய சோற்றையும் மட்டும் எழுதினேன். பிறகு அவள் ஊர் நடுவே போய் நின்று, இன்றைக்குத் தண்ணீர் என் முறை என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்புகிறாள். அண்ணன் தம்பி சேரவில்லை. வழக்கு நடக்கிறது. தன் பயிர் காயாமல் மட்டும் அவள் பார்த்துக்கொள்கிறாள்.

பெருமையாகவே சொல்கிறேன், நான் எழுதியதில் அதுதான் உருப்படியான அத்தியாயம். பின்னால் எத்தனையோ பேர் அதைப் பற்றி எழுதினார்கள். கோயமுத்தூர்க் கூட்டம் ஒன்றில் அந்தப் பேராசிரியரே அதை வாசித்துக் காட்டினார். புத்தகம் வந்த அன்று வைண்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள், எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவர்கள் உட்பட. கட்டிலுக்கு அடியில் வைக்க இந்த முறை கட்டு மிஞ்சவில்லை. ஆனால் எனக்குப் பெருமை என்றால் இதெல்லாம் இல்லை. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் நடந்த ஒன்றுதான்.

புதிய இருபதாம் அத்தியாயத்தை ஸ்டெல்லா படித்த நாள் அது. நான் உள்ளே போகவில்லை. மோட்டார் பாடி வார்ப்புகளை அடுக்கியிருந்த வெளிவராந்தாவில் நின்றுகொண்டேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. ஸ்டெல்லா நிதானமாகப் படித்தாள். செல்லாத்தாள் கிணற்று மேட்டுக்குப் போகும் இடத்தில் டிபன் பாக்ஸ் சத்தம்கூட நின்றுவிட்டது. அவள் திரும்பி நடக்கும் இடம் வந்தது. கைகால் கழுவினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

யாரோ ஒருத்தி குறுக்கிட்டாள். இளம் குரல். யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

"கதைக்கு வேணுமின்னா எழுதலாமுங்க. அங்க வரைக்கும் போனவ எவளாச்சும் திரும்பி வருவாளா?"

ஸ்டெல்லா படிப்பதை நிறுத்திவிட்டாள். இதற்கு நான் என்ன பதில் எழுத முடியும்?

பழனியக்காவின் குரல் கேட்டது. மோட்டார் எதுவும் ஓடவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வருவா, அம்மணி. நான் வந்தேனல்ல." பிறகு ஸ்டெல்லாவிடம், "நீ மேல படி, கண்ணு."